யார் முதலில் தொடங்குவது? ஊர் மைதானத்தில் ரொஸ் போடும் புதியவர்களுக்கு

மாரி மழை விட்டு மைதானம் காய்ந்ததும் வன்னியில் விளையாட்டுக் காலம் தொடங்கிவிடும். முதலில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள். பிறகு கழகங்களின் சுற்றுப்போட்டிகள், பிரதேச செயலக விளையாட்டு விழாக்கள், கோயில் திருவிழாவை ஒட்டிய ஆட்டங்கள். மாங்குளம், மல்லாவி, முழங்காவில், புதுக்குடியிருப்பு என்று எங்கே போனாலும் பின்னேரத்தில் யாராவது கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் மத்தியஸ்தம் செய்பவர்கள் கழகத்து இளைஞர்கள்தான். ஆட்டம் நடக்கும்போது எது பிழை, எது சரி என்பது அவர்களுக்குத் தெரியும். ஆட்டத்துக்கு முந்திய இரண்டு நிமிடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ரொஸ், அதாவது யார் தொடங்குவது என்று நாணயம் சுண்டிப் பார்ப்பது, நடக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கான வழிகாட்டி இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில், ரொஸ் வென்றதால் மட்டும் ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்கிவிடாது. வென்ற அணிக்குக் கிடைப்பது தெரிவு செய்யும் உரிமை. முதலில் தொடங்குவது ஒன்று, எந்தப் பக்கம் நிற்பது என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்றை வென்றவர் எடுத்தால் மிச்சம் தோற்றவருக்கு. இரண்டையும் ஒருவருக்கே கொடுப்பதுதான் புதிய மத்தியஸ்தர்கள் அடிக்கடி விடும் பிழை. அடுத்த பிழை, தெரிவை எழுதி வைக்காமல் விடுவது. இரண்டாம் பாதியை யார் தொடங்குவது, இரண்டாவது செற்றில் சேர்விஸ் யாருக்கு என்பதெல்லாம் இந்த முதல் தெரிவிலிருந்தே வருகின்றன. இடைவேளையில் இரு அணியும் “நாங்கள்தான்” என்று வந்து நிற்கும்போது உங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியாவது இருக்கவேண்டும்.

நாணயமும் எறிதலும்

“பூவா தலையா” என்று கேட்பது வழக்கம். ஆனால் இப்போது நம் கைகளில் புழங்கும் இலங்கை நாணயங்களில் தலை கிடையாது. ஒரு பக்கம் வாளேந்திய சிங்கம் உள்ள அரச இலச்சினை, மறுபக்கம் பெறுமதி. எது பூ, எது தலை என்று ஊருக்கு ஊர் வேறு விதமாகச் சொல்வார்கள். ஆகவே அந்தச் சொற்களை விட்டுவிட்டு “சிங்கமா, இலக்கமா?” என்று கேளுங்கள். நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் இரு அணித் தலைவர்களுக்கும் காட்டிவிட்டே கேளுங்கள். நினைவு நாணயங்களில் படம் வேறாக இருக்கும், அவற்றைப் பயன்படுத்தவேண்டாம்.

1. ஆட்ட மைதானத்தின் நடுவில், இரு தலைவர்களையும் மட்டும் அழையுங்கள். துணைத் தலைவர், பயிற்றுநர், கழகத் தலைவர் எல்லாரும் சூழ்ந்தால் நாலு குரலில் நாலு விடை வரும்.

2. “சிங்கம்” அல்லது “இலக்கம்” என்று யார் சொல்வது என்பதை எறியமுன் அறிவியுங்கள். சொந்த மைதானத்தில் ஆடும் அணி ஒன்று இருந்தால் வந்த அணியின் தலைவர் சொல்வது வழக்கம். சுற்றுப்போட்டியில் அப்படி யாரும் இல்லை என்றால், போட்டி அட்டவணையில் இரண்டாவதாக எழுதப்பட்ட அணி சொல்லும் என்று முன்னரே விதியாக வைத்துவிடுங்கள்.

3. நாணயம் நிலத்தில் விழுவதா, நீங்கள் பிடிப்பதா என்பதையும் முன்னரே சொல்லுங்கள். மணல் தரையிலும் உயர்ந்த புல்லிலும் அது சரிந்து நிற்கும். கரையோரத்து மைதானங்களில் பிடித்து உள்ளங்கையில் காட்டுவதே நல்லது. சரிந்து நின்றால் மறுபடி எறியுங்கள், காலால் தட்டிப் பார்க்காதீர்கள்.

4. தலைக்கு மேல் போகும்படி, நன்றாகச் சுழலும்படி எறியுங்கள். காற்றில் இருக்கும்போதே தலைவர் உரக்கச் சொல்லவேண்டும். விழுந்த பின் சொன்னது செல்லாது.

5. வென்றவரிடம் “என்ன வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்காமல், அந்த விளையாட்டில் உள்ள தெரிவுகளைச் சொல்லிக் கேளுங்கள். பதிலை உரக்கத் திரும்பச் சொல்லி, எழுதி, புள்ளிப் பதிவாளருக்கும் அறிவியுங்கள்.

எறிவதற்கு முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்பது சிங்கமா இலக்கமா என்று சொல்பவருக்குத் தெரியக்கூடாது. 2023 இல் வெளியான ஓர் ஆய்வில் நாணயத்தை 350,757 தடவை சுண்டிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மேலே இருந்த பக்கமே 50.8 வீதம் மறுபடி மேலே வந்தது. மிகச் சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் மறைத்து எறிவதற்குச் செலவு ஏதும் இல்லை. மேசையில் பம்பரம்போல் சுழல விடுவதைத் தவிருங்கள், விளிம்பின் தன்மையால் ஒரு பக்கமே கூடுதலாக விழக்கூடும்.

உதைபந்தாட்டம்

வன்னியில் ரொஸ் தகராறு அதிகம் வருவது இங்கேதான். காரணம், விதி மாறியது. முன்பு ரொஸ் வென்ற அணிக்குப் பக்கம் மட்டுமே தெரிவு, ஆரம்ப உதை எதிரணிக்கு. 2019/20 பருவத்திலிருந்து வென்ற அணி இரண்டில் ஒன்றைக் கேட்கலாம்: முதற்பாதியில் எந்தக் கோலைத் தாக்குவது என்பதை, அல்லது ஆரம்ப உதையை. பழைய விதியில் ஆடி வளர்ந்த அண்ணாமார் “வென்றவன் பக்கம்தான் எடுக்கவேணும்” என்று வாதாடுவார்கள். அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

பக்கத்தைத் தெரிவு செய்த அணி எதுவோ, அதுவே இரண்டாம் பாதியின் ஆரம்ப உதையை எடுக்கும். வேறு விதமாகச் சொன்னால், முதற்பாதியை உதைத்துத் தொடங்காத அணி இரண்டாம் பாதியைத் தொடங்கும். குறிப்பேட்டில் “நீலம்: முதல் உதை. சிவப்பு: கிழக்குக் கோலைத் தாக்கும்” என்று ஒரு வரி போதும். மேலதிக நேரம் வந்தால் புதிதாக ரொஸ் போடவேண்டும், பழைய முடிவு அங்கே செல்லாது.

உதைக்கும்போது பார்க்கவேண்டியவை: உதைப்பவரைத் தவிர எல்லாரும் தத்தம் பாதியில் நிற்கவேண்டும். எதிரணியினர் 9.15 மீற்றர் தள்ளி, அதாவது மைய வட்டத்துக்கு வெளியே. பந்து அசையாமல் மையப் புள்ளியில் இருக்கவேண்டும். உங்கள் விசிலுக்குப் பிறகு உதைத்துப் பந்து தெளிவாக நகர்ந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. பந்து முன்னோக்கித்தான் போகவேண்டும் என்ற விதி 2016 இல் போய்விட்டது, பின்னுக்கும் கொடுக்கலாம். உதைத்தவரே வேறு யாரும் தொடுமுன் மறுபடி தொட்டால் எதிரணிக்கு மறைமுக சுயாதீன உதை. வட்டத்துக்குள் ஓடி வந்தது போன்ற மற்றப் பிழைகளுக்கு ஆரம்ப உதையைத் திரும்ப எடுக்கவைத்தால் போதும். கோல் விழுந்த பிறகு, வாங்கிய அணி உதைக்கும், அதற்கு ரொஸ் இல்லை.

அணித் தலைவர்களுக்கு ஒரு சொல். பலர் பழக்கத்தில் பந்தைக் கேட்கிறார்கள். ஆரம்ப உதையால் கிடைப்பது சில விநாடி பந்து வசம் மட்டுமே. நம் மைதானங்களில் பக்கம்தான் பெறுமதியானது. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில், காற்றுக்கு எதிரே கோல் காப்பாளர் உதைக்கும் பந்து நடுக்கோட்டைத் தாண்டாது. உள்நாட்டுப் பகுதிகளில் பொழுது சாயச் சாயக் காற்றுப் பெரும்பாலும் தணியும். ஆகவே காற்றின் உதவி வேண்டுமானால் முதற்பாதியிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. வெயிலுக்குக் கணக்கு நேர்மாறு. கோல் கம்பங்கள் கிழக்கு மேற்காக நடப்பட்ட மைதானத்தில் பின்னேரம் 4 மணிக்கு ஆட்டம் தொடங்கினால், கிழக்குக் கோலைக் காப்பவர் மேற்கே பார்த்து நிற்பார். முதற்பாதியில் வெயில் இன்னும் உயரத்தில் இருக்கும், சமாளிக்கலாம். இரண்டாம் பாதியில் அது நேரே கண்ணுக்குள் இறங்கும். எனவே முதற்பாதியில் கிழக்குக் கோலை நீங்களே காத்துவிடுங்கள், தாழ்ந்த வெயில் எதிரணிக் காப்பாளருக்குப் போகும். காற்றும் வெயிலும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அன்றைக்கு எது கடுமை என்று ரொஸ் போடமுன் நடந்து பார்த்து முடிவெடுங்கள்.

சமநிலை தவிர்ப்பு உதைக்கு இரண்டு ரொஸ். முதலாவது, எந்தக் கோலை நோக்கி உதைப்பது என்பதற்கு. இரண்டாவது, முதலில் உதைப்பது யார் என்பதற்கு: வென்ற தலைவர் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ உதைக்கத் தெரிவு செய்யலாம். ஒரு கோல் வாயில் நீர் தேங்கியோ, சனம் நெருக்கிக்கொண்டோ இருந்தால் முதல் ரொஸ்ஸைப் போடாமல் மற்றக் கோலை மத்தியஸ்தரே தீர்மானிக்கலாம். இருட்டிக்கொண்டு வரும் அவசரத்தில் ஒரே ரொஸ்ஸில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

கரப்பந்தாட்டம்

நம் தேசிய விளையாட்டு, அதோடு மிக ஒழுங்கான ரொஸ் முறை உள்ள விளையாட்டும் இதுதான். உத்தியோகபூர்வ வலைப் பயிற்சிக்கு முன்பே முதலாம் மத்தியஸ்தர் ரொஸ் போடவேண்டும். இரு அணியும் வலையில் தனித்தனியாகப் பயிற்சி எடுப்பதானால், முதலில் சேர்விஸ் செய்யப்போகும் அணிக்கே முதல் முறை. அதனால்தான் ரொஸ் முந்துகிறது.

வென்ற அணி, சேர்விஸ் செய்யலாம், அல்லது பெறுவதைக் கேட்கலாம், அல்லது பக்கத்தை எடுக்கலாம். மிச்சம் தோற்ற அணிக்கு. “பெறுவதைக் கேட்பதா?” என்று புதியவர்கள் வியப்பார்கள். சேர்விஸைப் பெறும் அணிக்குத்தான் முதலில் தூக்கி அறையும் வாய்ப்பு. நல்ல அறைவாளர் இருக்கும் அணி பெறுவதைக் கேட்பது முற்றிலும் நியாயமான தெரிவு. திறந்த வெளி ஆடுகளத்தில் காற்றையும் பாருங்கள். காற்று முதுகில் அடிக்கும் பக்கத்திலிருந்து செய்யும் சேர்விஸ் நீண்டு வெளியே போகும். காற்றுக்கு எதிரே செய்வது முன்னே திடீரென்று விழும், பெறுவதற்குக் கடினம்.

இரண்டாவது செற்றை, முதலாவதைச் சேர்விஸ் செய்து தொடங்காத அணி தொடங்கும். மூன்றாவது, நான்காவதும் இப்படியே மாறி மாறி. யார் செற்றை வென்றார் என்பது இங்கே கணக்கில் இல்லை. தீர்மானிக்கும் கடைசிச் செற்றுக்கு மட்டும் புது ரொஸ். மூன்று செற் ஆட்டங்களில் மூன்றாவதும், ஐந்து செற் ஆட்டங்களில் ஐந்தாவதும் அது. அந்தச் செற் 15 புள்ளிக்கு, ஓர் அணி 8 ஐ எட்டியதும் பக்கம் மாறவேண்டும். மாறும்போது சேர்விஸ் வரிசை மாறாது.

அடிக்கடி நடக்கும் பிழை இது. சேர்விஸ் செய்து தொடங்கும் அணியில் 1 ஆம் இடத்தில், அதாவது பின்வரிசை வலதுபுறத்தில் நிற்பவர் முதலில் அடிப்பார். எதிரணி முதல்தடவை சேர்விஸைக் கைப்பற்றும்போது அவர்கள் முதலில் ஓர் இடம் வலஞ்சுழியாகச் சுழலவேண்டும். ஆகவே அவர்களுடைய முதல் சேர்விஸ், வரிசைத் தாளில் 2 ஆம் இடத்தில் எழுதப்பட்டவருக்கு உரியது. பலர் சுழலாமல் 1 ஆம் இடத்தவரையே அடிக்கவிடுவார்கள். அது சுழற்சிப் பிழை, புள்ளியும் சேர்விஸும் எதிரணிக்குப் போகும். வரிசைத் தாளை ரொஸ் முடிந்த பிறகே வாங்குங்கள், தாங்கள் சேர்விஸா பெறுவதா என்று தெரிந்தால்தான் பயிற்றுநர் யாரை எங்கே நிறுத்துவது என்று சரியாக எழுத முடியும். ஓவர்கேம் எனப்படும் உள்ளூர்க் கரப்பந்துப் போட்டிகளில் ஏற்பாட்டாளரின் விதிகள் வேறுபடலாம், அவற்றை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வலைப்பந்தாட்டம்

தலைவிகள் இருவரும் ரொஸ் போட்டு, முதல் சென்ரர் பாஸையோ (மையத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் எறிதல்) பக்கத்தையோ தெரிவு செய்து மத்தியஸ்தர்களுக்கு அறிவிப்பார்கள். உதைபந்தாட்டம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்புவது ஒன்றில்தான்: கோலை வாங்கிய அணி அடுத்துத் தொடங்குவதில்லை. யார் கோல் போட்டாலும் சென்ரர் பாஸ் மாறி மாறியே போகும், கால்பகுதி மாறினாலும் அந்த வரிசை தொடரும். ஒரு கால்பகுதி முடியும்போது சென்ரர் பாஸ் எடுத்தாயிற்று, கோல் விழவில்லை என்றால், அடுத்த கால்பகுதியின் தொடக்கம் மற்ற அணிக்கு.

புள்ளிப் பதிவாளர் ஒவ்வொரு சென்ரர் பாஸையும் குறிக்கவேண்டும், கோலை மட்டும் குறித்தால் போதாது. முதல் கால்பகுதிக்குள் குழப்பம் வந்தால் ஓர் எளிய வழி உண்டு. இரு அணியின் கோல்களையும் கூட்டுங்கள். இரட்டை எண் என்றால் ஆட்டத்தைத் தொடங்கிய அணிக்கு, ஒற்றை எண் என்றால் மற்ற அணிக்கு. இரண்டாம் கால்பகுதியிலிருந்து இந்தக் கணக்கை நம்பவேண்டாம், மேலே சொன்ன காரணத்தால் வரிசை தள்ளிப்போயிருக்கலாம். விசில் ஊதியதும் சென்ரர் ஆடுபவர் 3 விநாடிக்குள் பந்தை விடவேண்டும். பந்தை மையப் பகுதிக்குள்ளேயே ஒருவர் பிடிக்கவோ தொடவோ வேண்டும்.

கிரிக்கெட்

கடினப்பந்து விதிப்படி ரொஸ், ஆட்டம் தொடங்க 30 நிமிடத்துக்கு முன் போடக்கூடாது, 15 நிமிடத்துக்குப் பிந்தவும் கூடாது. மைதானத்துக்குள், நடுவர் முன்னிலையில். அதற்கு முன்பே இரு தலைவர்களும் வீரர் பட்டியலை எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் இந்தப் பட்டியலைப் பலர் வாங்குவதே இல்லை. ரொஸ்ஸின் முடிவைப் பார்த்துவிட்டு ஆளை மாற்றும் தகராறு அங்கிருந்துதான் வருகிறது. ஒரு துண்டில் பெயர்களை வாங்கிப் பையில் போட்டுவிட்டு நாணயத்தை எடுங்கள்.

இங்கே பக்கம் என்ற பேச்சு இல்லை. துடுப்பெடுத்தாடுவதா, களத்தடுப்பா என்பது மட்டும். சொன்ன முடிவை மாற்ற முடியாது, பிறகு மழை பெய்து ஓவர் குறைந்தாலும் அதேதான். தையிலும் மாசியிலும் நடக்கும் மின்னொளி ஆட்டங்களில் இரவு ஏற ஏறப் பனி இறங்கும். மென்பந்து ஈரத்தில் ஊறிக் கனக்கும், கையில் வழுக்கும். அந்த நாட்களில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடுவது பெரும்பாலும் வசதி. சூப்பர் ஓவருக்கு, சர்வதேச ஆட்டங்களில் ரொஸ் இல்லை: ஆட்டத்தில் இரண்டாவதாகத் துடுப்பெடுத்தாடிய அணி இங்கே முதலில் ஆடும். உங்கள் சுற்றுப்போட்டியிலும் அதையே எழுதி அறிவித்துவிடுங்கள். நேரம் தவறி வரும் அணி ரொஸ்ஸை இழக்கும் என்ற விதியும் எழுத்தில் இருந்தால் மட்டுமே செல்லும். எல்லே ஆட்டத்திலும் கேட்பது அடிப்பதா, தடுப்பதா என்பதைத்தான்.

மற்றவை

கபடியில் வென்ற அணிக்குப் பக்கம் அல்லது முதல் பாட்டு, அதாவது எதிரணிப் பக்கத்துக்கு முதலில் பாடிப் போவது. இரண்டாம் பாதியில் பக்கம் மாறும், முதற்பாதியில் முதலில் பாடிப் போகாத அணி தொடங்கும். முதற்பாதி முடியும்போது களத்தில் எத்தனை பேர் நின்றார்களோ அத்தனை பேரோடுதான் இரண்டாம் பாதி தொடங்கும். எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள்.

கூடைப்பந்தில் ரொஸ் கிடையாது. மைய வட்டத்தில் மத்தியஸ்தர் இருவருக்கு இடையே பந்தை மேலே எறிவார். அந்தப் பந்தை வசப்படுத்தாத அணியின் பக்கம் மேசையில் உள்ள அம்புக்குறியைத் திருப்பவேண்டும். வசப்படுத்திய அணிக்குத் திருப்புவது வழமையான பிழை. அடுத்த கால்பகுதியின் தொடக்கம் அம்பு காட்டும் அணிக்கு, எறிந்து முடிந்ததும் அம்பு மாறும்.

பூப்பந்தும் மேசைப்பந்தும் ரொஸ்ஸில் ஒன்றுபோல: சேர்விஸ், பெறுதல், பக்கம், இவற்றில் ஒன்று வென்றவருக்கு. அடுத்த ஆட்டத்தில் பிரிகின்றன. பூப்பந்தில், முடிந்த ஆட்டத்தை வென்றவரே அடுத்ததைத் தொடங்குவார். மேசைப்பந்தில் வெற்றி தோல்வி பாராமல், முந்தியதைத் தொடங்கியவர் இப்போது பெறுவார்.

கரம் ஆட்டத்தில் முதலில் அடிப்பவருக்கு வெள்ளைக் காய். சதுரங்கத்தில் வெள்ளை முதலில் நகரும். சிறுவர் போட்டிகளில் ஒரு கையில் வெள்ளைச் சிப்பாய், மறுகையில் கறுப்பு என்று மூடிக் காட்டித் தொடச் சொன்னால் போதும். புள்ளிப்படி இணை சேர்க்கும் சுவிஸ் முறைச் சுற்றுப்போட்டியில் அப்படிச் செய்யக்கூடாது, நிறம் இணைப்புப் பட்டியலிலேயே வரும்.

நாணயம் இல்லாத இடத்தில், கிளித்தட்டுக்கு யார் மறிப்பது, யார் இறங்குவது என்று தீர்மானிக்க ஓர் ஓட்டுத்துண்டு போதும். ஒரு பக்கத்தை நனைத்து, “ஈரமா, காய்ஞ்சதா?” என்று கேட்டு எறியுங்கள். வளைவில்லாத துண்டாகப் பார்த்து எடுக்கவேண்டும், கூரையோட்டின் வளைந்த துண்டு ஒரு பக்கமே விழும் பழக்கமுடையது. மட்டையை எறிந்து “தட்டையா, முதுகா?” என்று கேட்பதிலும் அதே சிக்கல்தான், மட்டையின் இரு பக்கமும் ஒன்றல்லவே. சுற்றுப்போட்டிக்கு அதைக் கொண்டுவராமல், பையில் எப்போதும் ஒரு பத்து ரூபாய்க் குற்றியைப் போட்டு வையுங்கள்.